எண் 10 முதல் 31 வரை

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஜனவரி 16ஆம் தேதி இரவு நடந்ததை உங்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். அறியாதவர்களுக்கு அதை எடுத்துச் சொல்லும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. பிழைத்துக்கொண்டேன், நன்றாக நடக்கிறேன், மாடிப்படி ஏறும்போது மட்டும் நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஃபேர் ஐல் தீவினருக்கு ஆங்கிலத்தில் தனியே எழுதிவிட்டேன். இந்த மடலைத் தமிழில் எழுதக் காரணம், அதைத் தொடர்ந்த மூன்று வாரங்களில் என் கைபேசிக்கு வந்து குவிந்த செய்திகளில் பாதிக்கு மேல் தமிழில் இருந்தன என்பதும், அவற்றில் ஒன்றுக்குக்கூட நான் பதில் எழுதவில்லை என்பதும்தான்.

சேர்த்துச் சொல்ல வேண்டிய நன்றிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் இல்லாத அந்தத் தீவில், கைவிளக்கோடு காற்றுக்குக் குனிந்து நடந்து வந்து, ஹெலிகாப்டரின் ஓசை கேட்கும் வரை என் கையை விடாமல் பிடித்திருந்த செவிலியருக்கு. பகலில் ஆடு மேய்ப்பவர்களாகவும் சாலை பழுது பார்ப்பவர்களாகவும் இருந்து, தேவைப்படும் நேரத்தில் தீயணைப்பு உடையை மாட்டிக்கொண்டு ஓடுதளத்தில் வந்து நிற்கும் தீவு மக்களுக்கு. ஷெட்லாந்து தீவுகளில் உள்ள சம்பரோவிலிருந்து பறந்து வந்த கடலோரக் காவல் ஹெலிகாப்டர் குழுவினருக்கு. அந்தத் தீவுகளின் தலைமை ஊரான லெர்விக்கின் மருத்துவமனையில் நான் தமிழில் முனகியதைக் கேட்டு மலையாளத்தில் பதில் சொன்ன சேச்சிக்கு. பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவை நாள் தவறாமல் மாலையில் தொலைபேசியில் அழைத்து, உண்மையில் பாதியை மட்டும் சொல்லி, மீதியை நானே சொல்லட்டும் என்று விட்டுவைத்த அபர்டீன், எடின்பரோ நண்பர்களுக்கு. நான் வீடு திரும்பியபோது ரசத்தோடும் மிளகுப் பொடியோடும் வாசலில் நின்றவர்களுக்கு: உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு மடல் எழுதினாலும் தகும். அப்படியிருந்தும், இந்த மடலின் பெரும்பகுதியை, உங்களில் எவரும் சந்தித்திராத, என் உயிரைக் காத்ததில் நேரடியான பங்கு எதுவும் இல்லாத ஒரு மூதாட்டிக்கே கொடுக்கப் போகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவரைப் பற்றிச் சொல்லத் தீவைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். "அந்தக் குளிரில், அதுவும் தன்னந்தனியாக, அங்கே உனக்கு என்ன வேலை?" என்று கேட்ட அத்தைக்கும் அதுவே பதிலாக இருக்கட்டும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து என்னும் இரண்டு தீவுக்கூட்டங்களுக்கு ஏறத்தாழ நடுவில், ஐந்து கிலோமீட்டர் நீளமும் அதில் பாதி அகலமுமாகக் கிடக்கிறது ஃபேர் ஐல். ஏறத்தாழ ஐம்பது பேர் வாழ்கிறார்கள். ஒரே வரிசையில் இரண்டு வண்ண நூலைச் சேர்த்துப் பின்னும் கம்பளிச் சட்டையாலும், இடம்பெயரும் பறவைகளாலும் அதன் பெயரை வெளியுலகம் அறியும். பறவை பார்ப்போர் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வருவார்கள்; அவர்கள் தங்கி வந்த பறவை ஆய்வகம் 2019 மார்ச்சில் தீக்கிரையாகிவிட்டது. குளிர்காலத்தில் வேலையில்லாமல் எவரும் அங்கே வருவதில்லை. தீவைப் படமெடுத்தவர்களின் படங்களில் பஃபின் பறவை இருக்கும், கடலில் செங்குத்தாக இறங்கும் பாறை இருக்கும், கலங்கரை விளக்கம் இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் டிசம்பரில் ஒரு குடும்பம் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பது மட்டும் இருக்காது. அதை எடுக்கத்தான் நான் போனேன்.

குளிர்காலம் என்றவுடன் உறைந்த கடலையும் மலைபோல் குவிந்த பனியையும் நினைத்துவிட வேண்டாம். அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் அந்தப் பக்கமாக ஓடுவதால் வெப்பநிலை பெரும்பாலும் உறைநிலைக்கு மேலேதான் நிற்கும். அங்கே குளிர்காலம் என்றால் காற்றும் இருட்டும்தான். டிசம்பர் இறுதியில் பகல் ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான்; நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏழு பாகைதான் உயரும். மேகம் விலகினால், உச்சிப்பொழுதிலும் மாலை வெயில்போல் சாய்ந்த ஒளி சன்னல் வழியாக நுழைந்து சமையலறையின் எதிர்ச்சுவர் வரை நீண்டு கிடக்கும். மேகம் விலகுவது அபூர்வம்.

நான் தங்கியிருந்தது ஆடு வளர்க்கும் ஒரு குடும்பத்தின் வீடு. மகன், மருமகள், தீவின் தொடக்கப் பள்ளியில் படிக்கும் ஒன்பது வயதுப் பேரன், லெர்விக்கில் விடுதியில் தங்கி உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பதின்மூன்று வயதுப் பேத்தி, இவர்களுக்கெல்லாம் மூத்தவரான அந்த அம்மையார். நெல்லைக்காரியான எனக்கு மனத்துக்குள் அவர் ஆச்சிதான். நேரில் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். அங்கே அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயர் என் நாக்கில் சற்றுத் தயங்கியே வெளிவந்தது. இந்த மடலில் அவரை ஆச்சி என்றே எழுதுகிறேன்.

என் வேலைகளில் ஒன்று, அக்டோபர் 28 முதல் நாள் தவறாமல் நண்பகல் 12 மணிக்கு அந்த வீட்டுச் சமையலறை மேசையை ஒரே இடத்திலிருந்து ஒரு படம் எடுப்பது. அதற்கென்றே ஒரு பழைய ஃபிலிம் கேமராவைச் சுவரில் அறைந்த இரும்புத் தாங்கியில் பொருத்தியிருந்தேன். கறுப்பு வெள்ளை ஃபிலிம். நாளுக்கு ஒரே படம். பக்கத்தில் ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிட்டு, நாள், படத்தின் எண், காற்று, மேசையில் யார் என்று நான்கு கட்டங்கள் போட்டு நிரப்பி வந்தேன். ஒளி நுழையும் நேரத்தை மாற்றும் ஷட்டர் வளையத்தில் வெளிச்சமான நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளியும் இருண்ட நாளுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியும் நகப்பூச்சால் இட்டிருந்தேன். பேரன் கேட்டான் என்பதற்காக, புள்ளிகளின் பொருளையும் நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் ஃபிலிம் நகரும் என்பதையும் அவனுக்கு ஒருநாள் சொல்லிக் கொடுத்தேன். ஆச்சி அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

முதுகைக் காட்டிக்கொண்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நாள்தோறும் வீட்டில் இருந்த மற்ற மூவரும் இரண்டு வாரங்களில் கேமராவை மறந்துவிட்டார்கள், ஆச்சி மறக்கவேயில்லை. 12 மணி அடிக்கும்போது அவர் எதையாவது எடுக்கத் திரும்பிவிடுவார், அல்லது ஆட்டுக்குத் தீனி வைக்க வெளியே போய்விடுவார். கேமராவோடு வந்து போனவர்களை அவர் தம் ஆயுளில் நிறையப் பார்த்திருக்கிறார். வருகிறார்கள், எடுக்கிறார்கள், போகிறார்கள் என்று நவம்பரில் ஒருநாள் சொன்னார். அது பொதுவாகச் சொன்னதா எனக்குச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 16 வரை 81 படங்கள். 36 படங்கள் கொண்ட இரண்டு சுருள்கள் முடிந்து, மூன்றாவது சுருளின் எண்காட்டி 9இல் நின்றபோது என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு 22 நாட்கள் நான் அந்த வீட்டில் இல்லை. ஈஷா, ஜோசலின் என்று பெயரிடப்பட்ட இரண்டு புயல்களும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வந்தது அப்போதுதான். மருத்துவமனைச் சன்னல் அதிர்வதைக் கேட்டுக்கொண்டு, என் குளிர்காலத்தின் நடுவில் ஒரு பெரிய ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்துப் படுத்திருந்தேன். உயிர் பிழைத்தவள் படத்தைப் பற்றிக் கவலைப்படுவதா என்று சிலர் கோபித்துக்கொள்ளலாம். கவலைப்பட்டேன். உயிரைப் பற்றிய கவலையைவிட அது சிறியதாக, கையில் எடுத்துப் பார்க்கக்கூடியதாக இருந்தது என்பதால்கூட இருக்கலாம்.

என் பொருள்களை எடுத்துக்கொண்டு விடைபெற்று வருவதற்கு மருத்துவர் ஒரு வாரம் அனுமதி தந்தார். பிப்ரவரி 7ஆம் தேதி, புதன்கிழமை பிற்பகல், சிறு விமானத்தில் தீவில் இறங்கினேன். ரொட்டியும் சூப்பும் தந்தார்கள், பேரன் புயலில் பறந்துபோன கோழிக் கூண்டின் கதையைச் சொன்னான். மாலையில்தான் கேமராவின் பக்கம் போனேன். எண்காட்டி 31இல் நின்றது.

பேரன் விளையாடிவிட்டான் என்றுதான் முதலில் எண்ணினேன். குறிப்பேட்டைத் திறந்தேன். என் பேனா எழுத்து ஜனவரி 16இல் நின்றிருந்தது. அதற்குக் கீழே, அதே நான்கு கட்டங்களில், பென்சிலால், சாய்ந்த பழங்கால எழுத்தில் 22 வரிகள் இருந்தன. கடைசி வரி அன்றைய தேதியுடையது. நான் வந்து இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்புகூட ஒரு படம் எடுக்கப்பட்டிருந்தது.

அந்தக் குறிப்பேடு இப்போது என் மேசையில் இருக்கிறது. காற்று என்னும் கட்டத்தில் நான் வடமேற்கு, தென்கிழக்கு என்று திசையை மட்டுமே எழுதிவந்தேன். ஆச்சியின் வீட்டில் காலையில் பிபிசி வானொலியின் கடல்வானிலை அறிக்கை ஒலிக்கும்; அந்தத் தீவின் பெயரிலேயே ஒரு கடற்பரப்பு அதில் உண்டு. ஆனால் அவர் எழுதியது வானொலி சொன்னதை அல்ல. "வாளி போய்விட்டது" என்று ஒரு நாள். ஈஷா வந்த 21ஆம் தேதி, "கதவைத் திறக்க வேண்டாம்." இன்னொரு நாள், "ஒன்றும் இல்லை, பாறையில் கடல் கேட்கிறது." ஆறு வரிகளில் "விளக்கு" என்ற சொல்லும் சேர்ந்திருந்தது. பட்டப்பகலில் விளக்குப் போடுவதை அவர் எவ்வளவு வெறுப்பவர் என்பது எனக்குத் தெரியும். 2018 அக்டோபரில் காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் மின்கலங்களும் சேர்ந்த புதிய அமைப்பு வரும் வரை, இரவில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் மின்சாரம் நின்றுவிடும் தீவு அது. இன்றும் இரவு பதினொரு மணிக்கு முன்பே எழுந்து ஒவ்வொரு அறையிலும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் அவர் படுப்பார். வெள்ளைப் புள்ளிக்கும் ஒளி போதாத நாட்களில் என் படத்துக்காக நண்பகலில் விளக்கேற்றியிருக்கிறார்.

மீதமிருந்த ஐந்து படங்களை நான் எடுத்து முடித்துவிட்டு 12ஆம் தேதி புறப்பட்டேன். சுருளை அபர்டீனுக்குக் கொண்டு வந்தும் மூன்று வாரம் கழுவவில்லை. கை நடுக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் உங்களுக்கே புரியும். மார்ச் முதல் வாரத்தில் ஒரு நள்ளிரவில், குளியலறையில், ஃபிலிம் கழுவும் ஹைப்போ கரைசலின் நாற்றத்துக்கு நடுவே நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். மூன்று படங்கள் ஏறக்குறைய வெறுமை. ஒன்றில் பாதியை ஒரு துண்டுத்துணி மறைத்திருக்கிறது. மீதிப் பதினெட்டும் இருந்தன.

அவை நல்ல படங்களா என்று என்னோடு வேலை செய்பவர்கள் கேட்டார்கள். நான் எடுத்த 81ஐக் காட்டிலும் நல்லவை. இதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறேன்.

பேத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தீவுப் பிள்ளைகள் பதினொன்று, பன்னிரண்டு வயதில் விடுதிக்குப் போய்விடுகிறார்கள். வானிலை இடம்கொடுக்கும் வார இறுதிகளில் வீடு வருகிறார்கள். என் படங்களில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து புன்னகை செய்கிறாள். ஜனவரியில் வார இறுதிக்கு வந்தவள் புயல்களால் திரும்ப முடியாமல் நடு வாரம் வரை வீட்டிலேயே இருந்திருக்கிறாள். அந்த நாட்களின் படங்களில் ஒன்றில் அவள் மேசைமீது கன்னத்தை வைத்துக் கண்களை மூடிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய அம்மாவின் கை அவள் முதுகில் இருக்கிறது, அம்மாவின் முகம் சட்டத்துக்கு வெளியே. அது மகிழ்ச்சியா துயரமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருந்தால் அந்தத் தலை மேசைமீது சாய்ந்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

எண் 23, ஜனவரி 30. மேசையில் ஒருவரும் இல்லை. ரொட்டித் தகரம், ஒரு கத்தி, பின்னுக்குத் தள்ளியபடியே விடப்பட்ட நான்கு நாற்காலிகள். குறிப்பேட்டில் "யாரும் இல்லை. படகு" என்று இருக்கிறது. குட் ஷெப்பர்ட் என்னும் அந்தப் படகு பயணிகளையும் சரக்கையும் சுமந்து இரண்டரை மணி நேரம் கடல் கடந்து வரும். குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை வர வேண்டும், வானிலை சம்மதித்தால்தான் வரும். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு அது வந்தால், கைகால் உள்ளவர்கள் எல்லாரும் துறைக்குப் போய்விடுவார்கள். சரக்கை இறக்க வேண்டும், அலை அடித்து நொறுக்காதபடி படகையே சரிவில் இழுத்து மேலேற்ற வேண்டும். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் 81 நாட்களிலும் அப்படி மேசை வெறுமையாக இருந்த நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் நான் பேரனையோ, அவன் இல்லாவிட்டால் வீட்டு நாயையோ அழைத்து உட்கார வைத்துப் படமெடுத்தேன். குடும்ப வாழ்க்கையை உள்ளபடி எடுக்க வந்தவள் செய்த காரியம் அது. ஆச்சி யாரையும் அழைக்கவில்லை. யாரும் இல்லாததை யாரும் இல்லை என்றே எடுத்து, ஏன் இல்லை என்பதையும் ஒரே சொல்லில் எழுதி வைத்தார். அந்த வீட்டின் குளிர்காலத்தை எண் 23 அளவுக்குச் சொல்லும் படம் என்னிடம் வேறு இல்லை.

எண் 27இல் ஆச்சி இருக்கிறார். "இன்று சிறுவன் அழுத்தினான்" என்று குறிப்பு. தாம் எடுக்கும் நாட்களில் அவர் சட்டத்துக்குள் வர வாய்ப்பில்லை என்பதால், பேரன் வற்புறுத்தியிருக்க வேண்டும். ஆவலோடு அச்சிட்டுப் பார்த்தேன். வழக்கம்போல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

ஏன் செய்தீர்கள் என்று, தீவை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய இரவு கேட்டேன். அவர் இடுப்பில் பின்னல் பட்டையைக் கட்டிக்கொண்டு, அதன் துளையில் ஊசியைச் செருகி, கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தார். சுற்று முடியும் வரை பதில் வரவில்லை. பிறகு, ஒரு சுற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனால் எந்தக் கண்ணிக்கு எந்த நிறம் என்று மறந்துபோகும், யாராவது முடித்துத்தானே வைக்க வேண்டும் என்றார். அந்த வட்டார வழக்கில் சிறியதை 'பீரி' என்பார்கள். அது ஒரு பீரி வேலை, அதைப் பெரிதாக்காதே என்றும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நான் கீழ்ப்படியவில்லை என்பதற்கு இந்த மடலே சாட்சி.

அவர் என்னைத் தேற்றுவதற்காக அதைச் செய்யவில்லை என்பதுதான் என்னை மிகவும் தேற்றியது. நான் திரும்பி வருவேனா என்பது ஜனவரி 17ஆம் தேதி நண்பகலில் அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது. லெர்விக்கிலிருந்து நல்ல செய்தி வருவதற்கு முன்பே எண் 10 எடுக்கப்பட்டுவிட்டது. நான் வராமலே போயிருந்தாலும் சுருள் 36 வரை ஓடியிருக்கும் என்றே நம்புகிறேன். அதன் பிறகு அதை யாரிடம் கொடுப்பது என்று அவர் யோசித்திருப்பார். படுக்கையில் கிடந்த அந்த நாட்களில், உங்கள் அழைப்புகளும் வேண்டுதல்களும் என்னை நோக்கி வந்தன. அவற்றுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதே நேரத்தில், நான் அறியாமலே, நாளுக்கு ஒருமுறை, நொடியின் முப்பதில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோ, என் வேலை என்னை விட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. இந்த இரண்டில் எது பெரிய உதவி என்று என்னைக் கேட்காதீர்கள்.

சில வாக்குறுதிகளை எழுத்தில் தந்துவிடுகிறேன். நீங்கள் சாட்சியாக இருந்தால் பிறகு நழுவ முடியாது. 10 முதல் 31 வரையுள்ள படங்கள் எங்கே வெளிவந்தாலும் என் பெயரில் வராது. இந்தக் குளிர்காலப் படங்கள் அனைத்தும் வேறெந்தச் சுவரில் ஏறுவதற்கும் முன், அந்தத் தீவின் பொது மன்றத்தில், அங்கு வாழ்பவர்களின் கண்முன் வைக்கப்படும். எதை வெளியே காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதை அவரவர் குடும்பமே சொல்லட்டும். நாயையும் பேரனையும் அழைத்து உட்கார வைத்து எடுத்த படங்களை நானே விலக்கிவிடுகிறேன், அவை பதினொன்று. நாய்ப் படங்களை மட்டும் பேரன் தனக்குக் கேட்டிருக்கிறான், அனுப்பி வைப்பேன்.

படகு ஒத்துழைத்தால் ஏப்ரலில் அச்சுப்படிகளோடு மறுபடி போகிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. எனவே மாலை நேரத்தில் அவரோடு பேசுபவர்கள் வழக்கமான கவனத்தோடு இருக்க வேண்டுகிறேன். ஆச்சிக்குச் சிறிய அளவில் ஒரு தொகுப்பை அஞ்சலில் முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். நேற்று பதில் வந்தது. தம் பெயரை எங்கும் போடக்கூடாது என்கிறார், ஒப்புக்கொண்டேன். எண் 16இல் பின்னால் கழுவாத பாத்திரங்கள் தெரிகின்றன, அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்கிறார். பேத்தி தலை சாய்த்திருப்பது அந்தப் படத்தில்தான் என்பதால், அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறேன்.

மிகுந்த நன்றியுடன்,
அபர்டீன்
2024 மார்ச் 19